வீட்டுச் செலவில் ஒரு பல்கலைக்கழகம்

கூகுளில் எதையாவது தேடாத நாள் உண்டா உங்களுக்கு? அதை ஆரம்பித்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர்கள். அந்த ஸ்டான்ஃபோர்டையே ஒரு சமயம் இழுத்து மூடுகிற நிலைமை வந்தது. தெரியுமா?

1884 மார்ச் 13. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரம். பெற்றோருடன் ஊர் சுற்றிப் பார்க்கப் போன பையன் டைபாய்டில் போய்விட்டான். வயது 15. ஒரே பிள்ளை.

அப்பா லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் லேசுப்பட்ட ஆள் இல்லை. கலிஃபோர்னியாவின் முன்னாள் கவர்னர். சென்ட்ரல் பசிஃபிக் ரயில்வே கம்பெனியின் தலைவர். வியர்வை சிந்திப் பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். பணம் சேர்ந்தது முதலாளிகளிடம். அது தனிக்கதை.

ஆளப் பிள்ளை இல்லை. இவ்வளவு சொத்தையும் என்ன செய்வது? ஊரார் பிள்ளைகளைப் படிக்க வைப்போம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள். பாலோ ஆல்டோவில் இருந்த அவர்களுடைய குதிரைப் பண்ணையில் 1891 அக்டோபர் 1 அன்று பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. பெண்களும் படிக்கலாம். ஃபீஸ் கிடையாது. ஸ்டான்ஃபோர்ட் என்றால் அப்பா பெயர் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை. முழுப் பெயர் இன்றைக்கும் லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் ஜூனியர் பல்கலைக்கழகம். செத்துப்போன பையனின் பெயர் அது.

இரண்டே வருடம். 1893 ஜூனில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அதே வருடம் அமெரிக்காவில் கடும் பொருளாதார நெருக்கடி. சொத்து கோர்ட்டில் முடங்கியது. போதாத குறைக்கு, ரயில்வேக்குக் கொடுத்த கடனில் ஒன்றரைக் கோடி டாலர் இவர் பாக்கி என்று அரசாங்கமே வழக்குப் போட்டது. மூடிவிடுங்கள் என்றார்கள் ஆலோசகர்கள்.

ஜேன் ஸ்டான்ஃபோர்ட் மாட்டேன் என்றார்.

காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அந்த அம்மாளின் வீட்டுச் செலவுக்கு மாதம் 10,000 டாலர் எடுத்துக்கொள்ள கோர்ட் அனுமதித்தது. அவர் வேலைக்காரர்களைக் குறைத்தார். தன் செலவைச் சுருக்கினார். மிச்சத்தை அப்படியே வாத்தியார்களின் சம்பளத்துக்குக் கொடுத்தார். ஒரு பல்கலைக்கழகமே குடும்ப பட்ஜெட்டில் ஓடியது!

1896-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார். ஆனாலும் சொத்து விடுபட 1898 ஆகிவிட்டது. இடையில், 1897-ல், நகைகளை எடுத்துக்கொண்டு லண்டன் போனார். விக்டோரியா மகாராணியின் வைரவிழாவுக்கு ஊரெல்லாம் பணக்காரர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் பெரும்பாலான நகைகளுக்கு விலை படியவில்லை.

1905 பிப்ரவரி 28. ஹோனலூலுவில் ஜேன் இறந்தார். ஸ்ட்ரிக்னைன் விஷம் என்றது விசாரணை. இதயக் கோளாறுதான் என்று சாதித்தார் பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் ஸ்டார் ஜோர்டன். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

அந்த நகைகள்? அவற்றை விற்று நூலகத்துக்குப் புத்தகம் வாங்குங்கள் என்று சாவதற்குச் சில நாள் முன்பு எழுதிக் கொடுத்திருந்தார். 1908-ல் ஐந்து லட்சம் டாலரில் நிதி ஏற்பட்டது. இன்னமும் அதிலிருந்து புத்தகம் வாங்குகிறார்கள்.

கொலைக்கு நியாயம் கிடைக்கவில்லை. நகைக்குக் கிடைத்தது.