நான்கு நிமிடமும் ஒரு வாழ்நாளும்

2015 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இலண்டன் மாநகரில் ஒரு சோடிப் பழைய சப்பாத்து ஏலத்திற்கு வந்தது. கங்காருத் தோலினாற் செய்யப்பட்டு, அடியில் ஆணிகள் பொருத்தப்பெற்ற கறுப்பு நிற ஓட்டச் சப்பாத்து அது. ஒவ்வொன்றின் எடையும் ஏறத்தாழ நாலரை அவுன்ஸ். அதனை வாங்கியவர் கொடுத்த விலை 266,500 பவுண். 1954 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆந் திகதி மாலை, ஒக்ஸ்போர்ட் நகரில் ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்திற்குட் கடந்த முதல் மனிதரின் பாதங்களை அலங்கரித்தவை அச்சப்பாத்துக்களே. ஆயின், அவற்றை அணிந்து ஓடிய ரோஜர் பனிஸ்டர், ஓடியதன் பொருட்டு ஒரு சதமேனும் கூலி பெற்றவரல்லர். இவ்விரண்டு செய்திகளுக்கும் இடையில் ஒரு காலத்தின் வரலாறு அடங்கியிருக்கிறது.

'அமெச்சூர்' என்னுஞ் சொல்லை இன்று நாம் பெரும்பாலும் இகழ்ச்சிப் பொருளிலேயே கேட்கின்றோம். பயிற்சி போதாதவன், அரைகுறையாகச் செய்பவன் என்பதே அதற்கு வழக்கிலுள்ள கருத்து. ஆனால், அச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் 'நேசித்தல்' என்பதைக் குறிக்கும். ஒரு காரியத்தை ஊதியத்திற்காகவன்றி, அதன்மேற் கொண்ட விருப்பத்தினாற் செய்பவனே அமெச்சூர். பனிஸ்டரின் காலத்தில் மெய்வல்லுநர் போட்டிகள் யாவும் இவ்விதியின் கீழேயே நடைபெற்றன. பரிசுப் பொருளின் பெறுமதிக்குங்கூட வரம்பு இருந்தது. சாதனை நிகழ்த்திய சில நாட்களில் அவர் அமெரிக்கா சென்றபோது அளிக்க முன்வந்த வெற்றிக் கிண்ணம் அவ்வரம்பை மீறியதாக இருந்தமையால், அதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

1929 ஆம் ஆண்டு இலண்டனுக்கு அண்மையிலுள்ள ஹறோவிற் பிறந்த பனிஸ்டர், செல்வக் குடும்பத்தைச் சேர்ந்தவரல்லர். தந்தையார் ஓர் அரசாங்க உத்தியோகத்தர். சிறு வயதிற் கடற்கரை மணலில் வெறுங்காலுடன் ஓடியபோது தம் உடலும் இயற்கையும் ஒன்றாய் இயங்குவதுபோல் எழுந்த வியப்பே தம்மை ஓட்டத்தின்பால் ஈர்த்தது என்று, பின்னாளில் எழுதிய நூலில் அவர் நினைவுகூர்ந்துள்ளார். கடிகாரமும் இல்லை, போட்டியாளரும் இல்லை, காலில் யாதொன்றும் இல்லை. அவருடைய ஓட்டத்தின் தொடக்கம் அத்தகையது.

1946 ஆம் ஆண்டு, தமது பதினேழாவது வயதில், மருத்துவம் பயில ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திற்குள் அவர் புகுந்தார். அதுவரை அவர் ஆணிச் சப்பாத்து அணிந்ததுமில்லை. முறையான ஓடுபாதையில் ஓடியதுமில்லை. அடுத்த மார்ச் மாதத்தில் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிரான போட்டியில், அணியின் மூன்றாந் தர ஓட்டக்காரராகவே அவர் சேர்க்கப்பட்டார். எவரும் எதிர்பாராத வகையில் அவரே முதலிடம் பெற்றார். ஒரு மைலுக்கு எடுத்த நேரம் 4 நிமிடம் 30.8 செக்கன்.

அப்பல்கலைக்கழகத்தின் இவ்ளி வீதி ஓடுபாதை அந்நாளிற் சமநிலையற்றதாயும் மூன்று சுற்றுக்கு ஒரு மைல் என்ற பழைய அளவினதாயும் இருந்தது. மெய்வல்லுநர் கழகத்தின் தலைவரானபோது, அதனைப் புதிதாக அமைக்க அவர் பாடுபட்டார். 440 யார் சுற்றளவும் ஆறு ஓடுதடங்களுங் கொண்ட புதிய பாதை 1950 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன்மேல் நிலக்கரிச் சாம்பல் பரப்பப்பட்டிருந்தது. பிறர் ஓடுவதற்கென்று முயன்று அமைத்த பாதையே பின்னர் அவரது புகழுக்கும் நிலைக்களமாயிற்று.

எனினும், அதற்கு முன்னர் ஒரு தோல்வி காத்திருந்தது. 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திற்கு எதிர்பாராமல் ஓர் அரையிறுதிச் சுற்று சேர்க்கப்பட்டது. தொடர்ந்து மூன்று நாட்கள் ஓட வேண்டியதாயிற்று. குறைந்த பயிற்சியோடு ஒரே ஓட்டத்திற்கெனத் தம்மைச் செப்பனிட்டிருந்த பனிஸ்டர் நான்காம் இடத்தையே பெற்றார். ஓட்டத்தை அன்றே விட்டொழிப்பதா, அன்றித் தம்முடைய முறை பிழையன்று என்பதை நிலைநாட்டுவதா என்னும் கேள்வி அவர்முன் நின்றது. சில வாரங்கள் சிந்தித்தபின் அவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். ஏழு ஆண்டுகளாக எவராலும் வெல்லப்படாதிருந்த 4 நிமிடம் 1.4 செக்கன் என்னும் உலக சாதனை அவரது இலக்காயிற்று.

அப்போது அவர் இலண்டன் பாடிங்டன் பகுதியிலுள்ள சென் மேரிஸ் வைத்தியசாலையில் மருத்துவ மாணவர். நோயாளரைப் பார்வையிடுதல், விரிவுரை, பரீட்சை ஆகிய கடமைகளுக்கிடையே அவருக்குக் கிடைத்தது மதிய உணவு வேளையே. அண்மையிலிருந்த பொது விளையாட்டுத் திடலில் அரைமணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக ஓடிவிட்டு மீண்டுங் கடமைக்குத் திரும்புவார். ஆய்வுகூடத்தில், உருளும் பட்டைமேல் ஓடச் செய்யும் பொறியிலே தம்மையும் நண்பர்களையும் ஓடவிட்டு, மூச்சுக்காற்றில் ஒட்சிசனைக் கூட்டினாற் களைப்பு எங்ஙனம் மாறுபடுகிறது என்பதையும் அவர் ஆராய்ந்தார்.

கிறிஸ் பிறஷர், கிறிஸ் சட்டவே என்னும் இரு நண்பர்களும், ஒஸ்திரிய நாட்டவரான பயிற்றுநர் பிரான்ஸ் ஸ்ராம்பிளும் அவருக்குத் துணைநின்றனர். 440 யார் தூரத்தைப் பத்து முறை, இரண்டு நிமிட இடைவேளை விட்டு ஓடுவதே அவர்களது முதன்மையான பயிற்சி. ஒவ்வொரு முறையும் 60 செக்கனுக்குள் முடிக்க வேண்டும். குளிர்காலம் முழுதும் முயன்று 61 செக்கன் வரை வந்தனர். அதற்குமேல் ஒரு செக்கனும் குறைய மறுத்தது.

அந்நிலையிற் பனிஸ்டரும் பிறஷரும் செய்த காரியம் பயிற்சி நூல்களிற் காணப்படாதது. பிறஷர் மலையேற்றத்தில் தேர்ந்தவர். இருவரும் ஓடுபாதையை அறவே மறந்து, ஸ்கொட்லாந்து மலைகளுக்குச் சென்று, மூன்று நாட்கள் பாறைகளில் ஏறியிறங்கினர். ஓட்டக்காரனின் தசைகளுக்கு அது ஊறு செய்யும் என்றே எவருஞ் சொல்லியிருப்பர். திரும்பி வந்து சில நாட்கள் இளைப்பாறியபின் அதே பயிற்சியைச் செய்தபோது, 59 செக்கனில் முடிந்தது. அவர்களைத் தடுத்து நின்றது கால்களின் சோர்வு மாத்திரமன்று, மனத்தின் சலிப்புமே என்பது புலனாயிற்று.

மே மாதம் 6 ஆந் திகதியும் அவருக்கு ஓய்வு நாளன்று. காலையில் வைத்தியசாலைக்குச் சென்ற அவர், அங்குள்ள ஆய்வுகூடத்துச் சாணைக்கல்லிலே தமது சப்பாத்தின் ஆணிகளைத் தீட்டினார். ஈரச் சாம்பல் ஆணிகளில் ஒட்டிப் பாரமாகாதிருக்கும் பொருட்டு, பென்சிலுக்குள் இடும் காரீயத்தின் தூளை அவற்றிற் பூசினார். பின்னர், பாடிங்டன் நிலையத்திற் புகையிரதம் ஏறி ஒக்ஸ்போர்டை அடைந்தார்.

அன்று கடுங்காற்று வீசியது. ஓடுவதா, ஒத்திவைப்பதா என்னும் ஐயத்தோடு, அருகிலிருந்த தேவாலயத்தின்மேற் பறந்த கொடியை அவர் பன்முறை நோக்கினார். போட்டி தொடங்கும் வேளையிற் கொடியின் படபடப்புத் தணிந்தது. ஆறு மணிக்கு ஓட்டம் ஆரம்பமாயிற்று.

முதலிற் பிறஷர் முன்னே ஓடினார். பின்னால் வந்த பனிஸ்டர், வேகம் போதாதென்று கருதி, 'விரைவாக!' எனக் கூவினார். பிறஷரோ தமது வேகத்தை மாற்றவில்லை. முதற் சுற்று 57.5 செக்கனில் முடிந்தபோது, நண்பரின் கணிப்பே சரியென்பது தெளிவாயிற்று. மூன்றாவது சுற்றிற் சட்டவே முன்வந்து வழிநடத்தினார். முக்கால் மைல் முடிந்தபொழுது மூன்று நிமிடங்களுக்குச் சற்றுக் கூடவாயிற்று. இறுதிச் சுற்றை 59 செக்கனில் ஓடியாக வேண்டும். கடைசி வளைவுக்கு முன்னர்ப் பனிஸ்டர் சட்டவேயைக் கடந்து, எல்லையைத் தொட்டு, நினைவிழந்தவர்போற் பிறர் கைகளிற் சாய்ந்தார். ஒலிபெருக்கியில் முடிவை அறிவித்தவர் 'மூன்று' என்னுஞ் சொல்லை உச்சரித்ததும் எழுந்த ஆரவாரத்தில் மிகுதி அமிழ்ந்தது. நேரம் 3 நிமிடம் 59.4 செக்கன்.

அச்சாதனை 46 நாட்களே நிலைத்தது. பின்லாந்தில் அவுஸ்திரேலியரான ஜோன் லண்டி அதனை முறியடித்தார். ஆகஸ்ட் மாதம் வன்கூவர் நகரில் இருவரும் நேருக்கு நேர் ஓடினர். இறுதி வளைவில், எதிராளி எங்கே என லண்டி இடப்பக்கம் திரும்பி நோக்கிய கணத்தில், பனிஸ்டர் வலப்பக்கத்தால் முந்திச் சென்று வெற்றியீட்டினார். அவ்வாண்டு கோடையில் மருத்துவப் பட்டத்தேர்விலும் தேறிய அவர், ஆண்டிறுதியில் ஓட்டப் போட்டிகளிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

இந்த ஒழுக்கத்தைப் போற்றுகையில் அதன் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. பனிஸ்டர் முறியடித்த சாதனைக்கு உரியவரான சுவீடன் வீரர் குண்டர் ஹேக், பணம் பெற்றார் என்ற குற்றத்திற்காக 1946 ஆம் ஆண்டு போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார். அவர் தீயணைப்புப் படையிற் பணியாற்றியவர். பின்லாந்தின் பெருவீரர் பாவோ நூர்மியும் அதே குற்றச்சாட்டினால் 1932 ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியில் ஓட அனுமதிக்கப்படவில்லை. பல்கலைக்கழகத்தின் ஓடுபாதையும், படிப்பின் பின்னர் நிச்சயமான தொழிலும் உடையவனுக்குப் பொன்னாசையின்றி ஓடுதல் எளிது. உழைத்துண்பவனுக்கோ அதே விதி ஒரு மூடிய கதவு. இவ்வநீதியை உலகம் மெல்ல மெல்ல உணர்ந்தது. 1980 களில் வீரர்கள் பணம் பெறுதல் அனுமதிக்கப்பட்டது. 2001 ஆம் ஆண்டு அனைத்துலக மெய்வல்லுநர் சங்கத்தின் பெயரிலிருந்தே அமெச்சூர் என்னுஞ் சொல் நீக்கப்பட்டது. விதி நீங்கியது நன்றே. ஆனால், விதியோடு விருப்பமும் நீங்குமாயின் அது பெரு நட்டமாகும்.

பனிஸ்டரின் பிற்கால வாழ்வு அதனைத் தெளிவாக்கும். அவர் நரம்பியல் மருத்துவராகி, நம்முடைய எண்ணத்தின் ஏவலின்றியே இதயத்தையும் குருதியோட்டத்தையும் இயக்கும் நரம்புத் தொகுதியை ஆராய்வதில் நாற்பது ஆண்டுகள் வரை உழைத்தார். 1971 முதல் 1974 வரை பிரித்தானிய விளையாட்டுச் சபைக்குத் தலைமை தாங்கியபோது, ஊக்கமருந்து உட்கொண்டோரைக் கண்டறியுஞ் சோதனைகளுக்கு வழிகோலினார். தமது நான்கு நிமிடத்தை விட மருத்துவத்தில் ஆற்றிய தொண்டையே அவர் பெரிதாகக் கருதினார்.

போட்டிகளை விட்டபின்னரும் ஓட்டத்தின் இன்பத்தை அவர் விடவில்லை. 1975 ஆம் ஆண்டு நேர்ந்த ஒரு மோட்டார் வாகன விபத்தில் கணுக்கால் முறிந்து, அதன்பின் ஓட இயலாதவரானார். அதே ஆண்டிற்றான் அவருக்கு 'சேர்' பட்டமும் கிடைத்தது. நண்பர் பிறஷரோ 1956 ஆம் ஆண்டு மெல்பேண் ஒலிம்பிக்கிற் பொற்பதக்கம் வென்றார். மலைநடைக்கேற்ற பாரமற்ற சப்பாத்துக்களை உருவாக்கினார். 1981 ஆம் ஆண்டு இலண்டன் மரதன் ஓட்டத்தைத் தொடக்கிவைத்தவர்களுள் ஒருவரானார். எழுத்தாளனும் தாதியும் கடைக்காரனும் முதியவனும் ஆயிரக்கணக்கில் ஓடும் ஓட்டம் அது. அவர்களுட் பெரும்பாலோர்க்கு வெற்றிக் கிண்ணமும் இல்லை, பணமும் இல்லை. பழைய பொருளிலே உண்மையான அமெச்சூர்கள் அவர்களே.

பனிஸ்டர் 2018 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3 ஆந் திகதி, தமது 88 ஆவது வயதில் ஒக்ஸ்போர்டிற் காலமானார். 1999 ஆம் ஆண்டு மொறொக்கோ நாட்டு வீரர் ஹிஷாம் எல் கெரூஜ் ஒரு மைலை 3 நிமிடம் 43.13 செக்கனில் ஓடிவிட்டார். சாம்பற் பாதைகள் மறைந்து செயற்கைப் பாதைகள் வந்துவிட்டன. காரீயத்தூள் பூசுவோர் எவருமிலர். இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் மாறாதது ஒன்றுண்டு. தொழிலுக்குரிய நேரத்தைத் தொழிலுக்குக் கொடுத்து, எஞ்சிய அரைமணியை விருப்பமான ஒன்றிற்கு முழுமனத்தோடு கொடுக்க ஒருவருக்கு எவரிடமும் அனுமதி வேண்டியதில்லை. அதற்கு விலையுயர்ந்த சப்பாத்துந் தேவையில்லை. வெறுங்காலும் ஒரு கடற்கரையும் போதும்.