க்ரியா: ஒரு சிறு பதிப்பகமும் அதன் எழுத்தாளர்களும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று குழு நண்பர்கள் கேட்டதும், விடுதி நாட்களைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த விஷயத்தில் என்னைவிட ஞாபகசக்தி உள்ளவர்கள் நம் செட்டிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் ஒரு பதிப்பகத்தைப் பற்றி எழுதுகிறேன். மு.வ.வையும் நா.பா.வையும் ஜெயகாந்தனையும் போட்டி போட்டுப் படித்த தலைமுறை நம்முடையது. ஆனால் அந்தப் புத்தகங்களை வெளியிட்டது யார் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்போம். முதல் பக்கத்தைத் திருப்பிப் பதிப்பகத்தின் பெயரைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது க்ரியாவால்தான்.

1970-இல் தொடங்கிய 'கசடதபற' சிற்றிதழைச் சுற்றி இயங்கிய நண்பர்களில் ஒருவர் எஸ். ராமகிருஷ்ணன். (எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் வேறு. இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ளாத தமிழ் வாசகரை நான் இன்னும் பார்க்கவில்லை.) விளம்பரத் துறையில் அனுபவம் உள்ள இவரும் ஜெயலட்சுமியும் சேர்ந்து 1974-இல் சென்னையில் க்ரியாவைத் தொடங்கினார்கள். தீவிர இலக்கியப் புத்தகம் என்றால் ஆயிரம் பிரதி அச்சடித்து, அது விற்க வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. நூலக ஆர்டர் கிடைத்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால் கட்டுக்கட்டாக வீட்டுப் பரண்மேல். அந்த நிலைமையில் நல்ல தாள், பிழையில்லாத அச்சு, நவீன ஓவியர்கள் வரைந்த அட்டை என்று கிளம்பினார்கள். "இவங்களுக்கு என்ன, கையில காசு இருக்கு போல" என்று பேசியவர்களும் உண்டு. காசு இருந்ததோ இல்லையோ, பிடிவாதம் இருந்தது.

ஆரம்பத்தில் வந்தவை நண்பர் வட்டத்துப் புத்தகங்கள்தான். நா. முத்துசாமியின் நாடகங்கள் அடங்கிய 'நாற்காலிக்காரர்', சி. மணியின் கவிதைகளான 'வரும் போகும்'. 1975-இல் எஸ்.வி. ராஜதுரையின் 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்', 1979-இல் அவருடைய 'அந்நியமாதல்'. ராஜதுரை மார்க்ஸியர். 'கசடதபற' ஆட்களைக் கலைவாதிகள் என்று இடதுசாரிகள் திட்டிக்கொண்டிருந்த நாட்களில், அதே வட்டத்திலிருந்து வந்த பதிப்பகம் மார்க்ஸைப் பற்றிய புத்தகத்தையும் போட்டது. கொள்கைக்கு ஒரு பதிப்பகம், கட்சிக்கு ஒரு பதிப்பகம் என்று பழகிய நமக்கு இது புதிசு.

அதே 1979-இல் பூமணியின் 'பிறகு' வந்தது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம். செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்க்கை. அதுவரை அந்த மனிதர்கள் கதையில் வந்தால் பரிதாபத்துக்காக வருவார்கள், அல்லது கதாநாயகனின் பெருந்தன்மையைக் காட்ட வருவார்கள். பூமணி அவர்களைப் பேச விட்டார். கேலியும் கோபமுமாக, அந்த ஊர்ப் பேச்சிலேயே. இன்றைய மாணவர்களுக்கு ஒரு தகவல்: 2019-இல் வந்த 'அசுரன்' படம் இதே பூமணி 1982-இல் எழுதிய 'வெக்கை'யிலிருந்து எடுக்கப்பட்டது. பின்னால் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் 'அஞ்ஞாடி'யையும் 2012-இல் க்ரியாதான் போட்டது. 2014-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இரண்டு வருஷம் கழித்து 1981-இல் சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. நாகர்கோவிலில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், 'ஒரு புளியமரத்தின் கதை'க்குப் பிறகு பதினைந்து வருஷம் நாவல் எழுதாமல் இருந்து எழுதியது. கரிசல் காட்டு அழகிரியும், ஜோசஃப் ஜேம்ஸ் என்ற கற்பனை மலையாள எழுத்தாளனும் ஒரே பதிப்பகத்திலிருந்து புறப்பட்டார்கள்! இதைச் சும்மா தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

1985-இல் 'மூங்கில் குருத்து'. எழுதியவர் திலீப்குமார், கோவையில் பிறந்த குஜராத்திக்காரர். வீட்டில் பேசுவது ஒரு மொழி, எழுதுவது இன்னொரு மொழி. சௌகார்பேட்டை குஜராத்திக் குடும்பங்களை அவ்வளவு நகைச்சுவையோடும் துக்கத்தோடும் தமிழில் காட்டியவர் அவர்தான். 1988-இல் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. தலைப்புக் கதை ராஜஸ்தானில் ஒரு கூட்டுக் குடும்பத்தில் நடப்பது; ஆனால் படித்த நம்மூர்ப் பெண்கள் பலருக்கும் அது தங்கள் வீட்டு அடுக்களைதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: க்ரியாவின் பட்டியலில் பெண்களின் பெயர்கள் குறைவுதான். பன்முகம் என்று நாம் கொண்டாடும்போது அதையும் பார்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்புகள் தனிக் கதை. காம்யுவின் 'அந்நியன்' 1980-இல் வெ. ஸ்ரீராமின் தமிழில், ஆங்கிலம் வழியாக அல்லாமல் நேராகப் பிரெஞ்சிலிருந்தே வந்தது. அடுத்த வருஷம் ஸ்ரீராமும் புதுச்சேரி ச. மதனகல்யாணியும் சேர்ந்து 'குட்டி இளவரசன்'. காஃப்காவின் 'விசாரணை'யை ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து செய்தார். கிராமத்து மருத்துவத்துக்கான 'டாக்டர் இல்லாத இடத்தில்', பறவைகளுக்கு ஒரு அறிமுகக் கையேடு இவையும் அதே பதிப்பகம்தான்.

இப்போது 1994-க்கு வருவோம். விருத்தாசலம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர், முப்பது வயது இளைஞர், இமையம் என்ற பெயரில் எழுதிய முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்'. தாழ்த்தப்பட்டவர்களுக்கே துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண் ஆரோக்கியம்தான் அதன் நாயகி. ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கீழேயும் ஒரு படி இருக்கிறது, அங்கேயும் மனிதர் இருக்கிறார்கள் என்று அந்த நாவல் சொன்னது. சுந்தர ராமசாமி மிக உயர்வாகப் பாராட்டினார். ராஜ் கௌதமன் கடுமையாக விமர்சித்தார். தலித் ஒற்றுமையைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் இது தலித்துகளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது என்பது அந்தத் தரப்பின் வாதம். அந்தச் சண்டை அன்றைக்கு லேசான சண்டை இல்லை. இரண்டு தரப்பையும் படித்த பிறகும் எனக்குத் தோன்றுவது, ஆரோக்கியம் பேசியது பேசியதுதான் என்பதே. அவளுக்குக் கிடைக்க வேண்டிய படியளப்பு, எந்த அணியின் வசதிக்காகவும் காத்திருக்க முடியாது.

இப்படிப்பட்ட கைப்பிரதியை வைத்துக்கொண்டு ஒரு பதிப்பாளர் என்ன செய்ய வேண்டும்? தமிழில் வழக்கம் என்னவென்றால், வாங்கினோமா, கம்போஸிங்குக்குக் கொடுத்தோமா, பிழை திருத்தினோமா, முடிந்தது. ராமகிருஷ்ணன் எழுத்தாளரோடு உட்கார்ந்து வரி வரியாகப் பேசிச் செம்மை செய்கிறவர். எடிட்டிங் என்ற சொல்லே நம் எழுத்தாளர்களுக்குக் கசப்பு, "என் எழுத்துல கை வைக்க நீ யாரு?" என்பார்கள். நியாயமான பயம்தான். சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கரிசல் பேச்சையும் தென்னார்க்காட்டுப் பேச்சையும் 'திருத்த' ஆரம்பித்தால் என்ன மிஞ்சும்? இமையத்தின் நாவலில் வட்டாரப் பேச்சு முழு உயிரோடு நிற்பதைப் பார்க்கும்போது, இந்தத் திருத்தம் பேச்சை வெளுக்கிற திருத்தம் இல்லை என்று தெரிகிறது.

இந்த வேலையின்போதுதான் பெரிய குறை ஒன்று இடித்திருக்கும். எந்தச் சொல்லை எப்படி எழுதுவது, எங்கே பிரிப்பது, இன்றைய பொருள் என்ன என்று பார்க்க நம்மிடம் அகராதி எங்கே? சென்னைப் பல்கலைக்கழகத்தின் 'தமிழ் லெக்சிகன்' 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, அனுபந்தம் 1939-இல். மகத்தான வேலை. ஆனால் அதற்குப் பிறகு பத்திரிகை, வானொலி, சினிமா, அரசாங்க ஆபீஸ் என்று தமிழ் எங்கெங்கோ போய்விட்டது. 1992-இல் 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' வந்தது. பா.ரா. சுப்பிரமணியன் முதன்மை ஆசிரியர், இ. அண்ணாமலை போன்ற மொழியியலாளர்கள் துணை நின்றார்கள். சொல்லுக்குப் பொருள் தமிழிலும் ஆங்கிலத்திலும், கூடவே அந்தச் சொல் வாக்கியத்தில் எப்படி வரும் என்பதற்கு உதாரணம். ஒரு பல்கலைக்கழகம் செய்ய வேண்டியதை ஒரு சின்னப் பதிப்பகம் செய்தது. 2008-இல் விரிவாக்கிய பதிப்பு, அதில் எம்.ஏ. நுஃமானின் உதவியோடு இலங்கைத் தமிழ்ச் சொற்களும் நிறையச் சேர்ந்தன.

மூன்றாவது பதிப்பு 2020-இல் வெளிவந்தது. கொரோனா தொற்றி மருத்துவமனையில் இருந்த ராமகிருஷ்ணன் அந்த நவம்பர் 17-ஆம் தேதி காலமானார். 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது 2021 மார்ச்சில் அறிவிக்கப்பட்டபோது அது இமையத்தின் 'செல்லாத பண'த்துக்குக் கிடைத்தது. அதுவும் க்ரியா வெளியீடு. செய்தியைக் கேட்க அவர் இல்லை.

தம்பி தங்கைகள் யாராவது எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால்: முதலில் 'மூங்கில் குருத்து'. மெலிசான புத்தகம், இரண்டு நாள் போதும். அப்புறம் 'பிறகு'. 'கோவேறு கழுதைகள்' எடுக்கும்போது செமஸ்டர் பரீட்சை பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; பாதியில் வைக்க முடியாது.