எச்சம்

‘எஞ்சு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல். பொருள் முடியாமல், வேறொரு சொல்லை எதிர்பார்த்து நிற்கும் வினைவடிவத்துக்கு இலக்கணத்தில் இது பெயரானது. ‘வீரகேரளம்புதூரில் பஸ் ஏறி’ என்பது வினையெச்சம். ‘தென்காசியில் இறங்கினார்’ என்று ஒரு வினை வந்தால்தான் முடியும். ‘பஸ் ஏறிய’ என்பதோ பெயரெச்சம். அது ‘பெண்’ போன்றதொரு பெயரைத் தேடும். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் பெயரெச்சத்தை ‘ரிலேட்டிவ் பார்ட்டிசிப்பிள்’ என்றார். பொருத்தமான பெயர்தான்: ஆங்கிலத்தில் ‘ஹூ’, ‘விச்’ செய்கிற வேலையும் ‘ஏறிய’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. ‘குளிக்கப் போனார்’ என்பதிலுள்ள ‘குளிக்க’, ஆங்கில ‘இன்ஃபினிட்டிவ்’ தொடருக்கு நெருங்கிய வினையெச்சம். மாணவர் தடுமாறுவது ‘ஜெரண்ட்’ தொடரில். அது பெயராக நிற்பதால், தமிழில் அதற்கு நேரானது எச்சமன்று. ‘அருவியில் குளித்தல்’ போன்ற தொழிற்பெயரே.