எ மீட்டிங் பை த ரிவர்

எ மீட்டிங் பை த ரிவர், அமெரிக்கக் கிற்றார் கலைஞர் ரை கூடரும் ஜெய்ப்பூர் விஷ்வ மோகன் பட்டும் இணைந்து வாசித்த இசைத்தொகுப்பு ஆகும். 1993இல் வோட்டர் லிலி அக்கூஸ்ரிக்ஸ் நிறுவனம் இதனை வெளியிட்டது. அந்நிறுவனத்தைத் தொடங்கிய கவிச்சந்திரன் அலெக்சாண்டர் இலங்கையில் பிறந்தவர். தயாரிப்பு, ஒலிப்பதிவு இரண்டும் அவருடையவை.

ஒலிப்பதிவு

1992 செப்டெம்பரில் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா நகரில், ஒரு கிறிஸ்தவக் குருமடத்தின் சிற்றாலயத்தில் பதிவு நடந்தது. பட்டும் கூடரும் அதற்குச் சற்று முன்னர்தான் முதன்முதலாகச் சந்தித்தனர். ஒத்திகை இல்லை. அலெக்சாண்டர் ஒலிவாங்கிகளைப் புளும்லைன் முறைப்படி ஒன்றுக்கொன்று குறுக்காக நிறுத்தி, வெற்றிடக் குழாய்க் கருவிகளைக் கொண்டு நாடாவில் பதிந்தார். கலைஞர்கள் அமர்ந்திருந்த இடமும் ஆலயச் சுவர்களின் எதிரொலியும் கேட்பவருக்குத் துல்லியமாகத் தெரிவது இதனால்தான்.

வாசிப்பு

ரவிசங்கரின் சீடரான பட், கிற்றாரைத் திருத்தி மோகன வீணையை உருவாக்கினார். மடியில் கிடத்தி, தந்திகளின் மேல் உலோகக் கோலை வழுக்கி வாசிக்கும் கருவி அது. தாமாக அதிரும் துணைத் தந்திகளும் அதில் உண்டு. கூடரும் கிற்றார்த் தந்திகளை வழுக்கியே வாசிப்பவர். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு இழைந்து செல்வது இந்துஸ்தானி இசைக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ் இசைக்கும் பொது என்பதால், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் இயல்பாகத் தொடர்கிறார். சுக்விந்தர் சிங் நாம்தாரி தபேலாவும், கூடரின் மகன் யோவாக்கிம் தும்பெக் என்னும் கைம்முரசும் வாசித்தனர். யோவாக்கிமுக்கு அப்போது வயது 14.

தொகுப்பில் நான்கு உருப்படிகள் உள்ளன. தலைப்புப் பாடலை அடுத்து 'லோங்கிங்', 'கஞ்சஸ் டெல்டா புளூஸ்', பீஜித் தீவுகளின் பிரியாவிடைப் பாடலான 'ஈசா லெய்' ஆகியன வருகின்றன.

வரவேற்பும் தொடர்ச்சியும்

1994இல் சிறந்த உலக இசைத் தொகுப்புக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது. அதே ஆண்டில் மாலி நாட்டுக் கிற்றார் கலைஞர் அலி ஃபார்கா தூரேயுடன் கூடர் வாசித்த 'டோக்கிங் டிம்பக்டு' வெளியானது. புளூசின் வேர் தம் மண்ணிலேயே உள்ளது என்று வலியுறுத்தி வந்தவர் தூரே. 1995இல் அத்தொகுப்பும் இதே விருதைப் பெற்றது. மேற்கு ஆபிரிக்க இசைக்கு உலகெங்கும் புதிய இரசிகர்களைத் தேடித் தந்த அந்தத் தொகுப்புக்கு முன்னோடி, அலெக்சாண்டர் பதிந்த இந்தத் தொகுப்பே. இலங்கையில் பிறந்த ஒருவர் உலக இசைக்கு ஆற்றிய பெரும்பணியாக இது நினைவுகூரத் தக்கது.