பெயர் மாறிக் கிடந்த ஒரு கிருமி

குருதியில் ஈஸ்ட் கலந்துள்ளதா என்று அறிய ஆய்வகங்கள் இன்றும் முதன்மையாக நம்பியிருப்பது வளர்ப்புச் சோதனையையே. புட்டியில் இட்ட இரத்தத்தில் பூஞ்சை பெருகப் பெரும்பாலும் ஓரிரு நாட்களேனும் ஆகும். பெருகிய பின்னரே அதற்குப் பெயர் தேடும் வேலை தொடங்கும். பாலக்காட்டு எல்லையூர்களிலிருந்து கோயம்புத்தூருக்கும், இடுக்கி மலையூர்களிலிருந்து கோட்டயத்துக்கும் கொச்சிக்கும் செல்லும் நோயாளிக்கு அந்நாட்களோடு வழிப்பயணமும் சேர்கிறது.

அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கைகொடுத்து வருவது முளைக்குழல் சோதனை. குருதிநீரில் 37 பாகை வெப்பத்தில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் கேண்டிடா அல்பிகன்ஸ் குழல் விடும். செலவு மிகக் குறைவு. ஆயின் குழல் விடாதவற்றை 'அல்பிகன்ஸ் அல்ல' என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. இந்தியாவில் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2011-12இல் திரட்டிய 1400 நோயாளிகளின் தரவில் முதலிடம் பெற்றது டிராபிகாலிஸ் (41.6 விழுக்காடு). இந்நிலத்துக்கு அச்சோதனை போதவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பின்னர் வந்தன தானியங்கிக் கருவிகள். ஈஸ்ட் எச்சர்க்கரையை உண்கிறது என்பன போன்ற இயல்புகளைத் தம் பட்டியலோடு ஒப்பிட்டு அவை பெயர் சொல்லும். பட்டியலில் இல்லாத உயிரி வந்தால்? அண்டையிலுள்ள பெயரைச் சூட்டிவிடும்.

2009இல் ஜப்பானில் மூதாட்டி ஒருவரின் காதிலிருந்து எடுத்த ஈஸ்ட்டுக்குக் கேண்டிடா ஆரிஸ் என்று பெயரிட்டனர். இலத்தீனில் ஆரிஸ் என்பது காது. 2009-11இல் தில்லியின் இரு மருத்துவமனைகளில் 12 நோயாளிகளிடம் அதே ஈஸ்ட் இருந்ததை அனுராதா சௌத்ரி குழுவினர் 2013இல் வெளியிட்டனர். மறு ஆண்டு தென்னிந்திய மருத்துவமனை ஒன்றின் 15 மாதிரிகள் ஆராயப்பட்டன. வைடெக் கருவி அவற்றை ஹீமுலோனி என்று பிழையாகக் குறித்திருந்தது. மரபணு வரிசையே உண்மையைக் காட்டியது. அவை தில்லி வகையோடு ஒத்தன, ஜப்பான், கொரிய வகைகளோடு ஒத்தில. எளிதிற் கிடைக்கும் புளூகோனசோல் அவற்றிடம் பலிக்கவில்லை. பெயர்ப்பிழை இங்கு ஏட்டுப்பிழை அன்று. படுக்கையில் கிடப்பவருக்கு எம்மருந்து ஏறும் என்பதைத் தீர்மானிப்பது.

அதன்பின் வரலாறு பின்னோக்கி நடந்தது. முன்பு ஹீமுலோனி, ஃபமாட்டா என்று எழுதி வைத்த 102 இந்திய மாதிரிகளை 2015இல் மீள ஆராய்ந்தபோது 88 விழுக்காடு ஆரிஸாக இருந்தன. கொரியாவிலோ 1996இல் ஒரு குழந்தையின் இரத்தத்தில் வளர்ந்து சேமிப்பில் கிடந்த ஈஸ்ட்டுக்கு 2011இல்தான் உரிய பெயர் கிடைத்தது.