அடுத்த ஆண்டும் வர வேண்டிய எதிராளி

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் சமதளமான ஒரு விளையாட்டுத் திடலைக் காண்பது அரிது. பந்து ஒருமுறை சரிவில் இறங்கிவிட்டால் அன்றைய ஆட்டம் அத்துடன் முடிந்தது. எனவே ஏலத் தோட்டங்களில் வேலை செய்யும் இளைஞர்கள் காற்பந்து ஆட ஊருக்கு இறங்கி வருவார்கள். எங்கள் பங்கின் திருவிழாவையொட்டி மலை அணிக்கும் ஊர் அணிக்கும் ஆண்டுதோறும் ஓர் ஆட்டம் நடைபெறுவது வழக்கம். சென்ற ஆண்டு, ஒரு கோல் செல்லுமா செல்லாதா என்று தொடங்கிய வாக்குவாதம் கைகலப்பில் முடிந்தது. இந்த ஆண்டு திருவிழா நெருங்கியபோது இரு அணித் தலைவர்களும் தனித்தனியே என்னிடம் வந்தார்கள். இருவரும் சொன்னது ஒன்றுதான்: "இனிமே அவங்களோட ஆட மாட்டோம், சாமி."

அவர்களுக்கு என்ன விடை சொல்வது என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, குருமடத்தில் பயின்ற நாள்களில் நான் சந்தித்த ஒரு முதியவர் நினைவுக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஆசிரியராயிருந்து, அகதியாக இங்கு வந்து, முகாமில் ஓலைக் குடிசையொன்றில் வாழ்ந்தவர் அவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஞாயிறுதோறும் அம்முகாமுக்குச் செல்வோம். மார்ச் மாதம் பிறந்துவிட்டால் அவர் பேச்சில் ஒரே பொருள்தான் இருக்கும். "இந்நேரம் எங்கட பெடியள் பந்தைத் தேய்க்கத் தொடங்கியிருப்பினம்" என்பார். வீட்டையும் வயலையும் இழந்த ஒருவர் ஒரு விளையாட்டுக்காக இவ்வளவு ஏங்குவதா என்று அன்று எனக்கு வியப்பாக இருந்தது.

அவர் ஏங்கியது, 'வடக்கின் பெரும்போர்' என்று யாழ்ப்பாணத்தார் அழைக்கும் துடுப்பாட்டப் போட்டிக்காக. நாம் கிரிக்கெட் என்பதையே அவர்கள் துடுப்பாட்டம் என்பர். நாம் மேல்நிலைப்பள்ளி என்று சொல்லும் நிலையங்கள் பல அங்குக் கல்லூரி என்ற பெயரைத் தாங்கி நிற்கும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு முதன்முதலாக மோதின. அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இரண்டுமே மறைப்பணியாளர்கள் தொடங்கிய பள்ளிகள். மத்திய கல்லூரி 1816இல் வெஸ்லியன் சபையாரால் நிறுவப்பட்டது. சைவத் தமிழ் உலகின் பெருமகனார் ஆறுமுக நாவலர் பயின்றதும் ஆசிரியராகப் பணியாற்றியதும் இங்கேதான். அவருடைய தமிழ்ப் புலமையைத் துணைக்கொண்டே பீற்றர் பேர்சிவல் பாதிரியார் விவிலிய மொழிபெயர்ப்பை மேற்கொண்டார். பரியோவான் கல்லூரியை 1823இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் மறைப்பணியாளர் யோசேப் நைட் நல்லூரில் தொடங்கினார். பின்னர் அது சுண்டிக்குளிக்கு இடம் பெயர்ந்தது. கத்தோலிக்கராகிய நமக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. நம் புனித பத்திரிசியார் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியுடன் ஆடும் 'பொன் அணிகளின் போர்' 1917இல் தொடங்கியது.

இத்தகைய ஆண்டுப் போட்டிகள் ஆங்கிலேயர் வழி வந்தவை. ஈட்டன், ஹரோ ஆகிய பள்ளிகள் 1805இலும், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் 1827இலும் கிரிக்கெட்டில் முதன்முதலாக எதிரெதிரே நின்றன. ஆடுகளம் ஒழுக்கத்தைக் கற்பிக்கும் என்பது விக்டோரியா காலத்துக் கல்வியாளரின் உறுதியான நம்பிக்கை. கொழும்பில் றோயல் கல்லூரியும் புனித தோமையார் கல்லூரியும் 1879இல் அவ்வழியில் இறங்கின. ஆட்சியாளரின் ஆட்டமாக வந்தது, இரண்டொரு தலைமுறைக்குள் யாழ்ப்பாணத்து மக்களின் திருவிழாவாயிற்று. தாத்தா ஆடிய அணிக்குப் பேரன் ஆடுவதும், அண்ணன் ஒரு கல்லூரியிலும் தம்பி மறு கல்லூரியிலும் பயின்று, மூன்று நாளும் ஒரே வீட்டில் இரு கட்சிகளாய்ப் பிரிந்திருப்பதும் அங்கு இயல்பு என்று முதியவர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஆனால் 'போர்' என்று விளையாட்டாகப் பெயரிடப்பட்ட அந்த மண்ணுக்கு உண்மையான போர் வந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அது எரிவதைக் கண்ட அதிர்ச்சியிலேயே நம் குருவும் பன்மொழி அறிஞருமான தாவீது அடிகளார் உயிர்நீத்தார். அந்த நூலகத்துக்கு அருகில்தான் மத்திய கல்லூரியும், இப்பெரும்போட்டி நடைபெறும் அதன் மைதானமும் உள்ளன. 1983க்குப் பின் போர் முற்றியது. 1995 அக்டோபர் இறுதியில், ஓரிரு நாள்களுக்குள் இலட்சக்கணக்கான மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வலிகாமத்தை விட்டு நடந்தார்கள். பள்ளிகள் வெறிச்சோடின. 2009 மே மாதத்தில் போர் முடியும்வரை, இரு கல்லூரிகளும் தம் மாணவரையும் பழைய மாணவரையும் பல வழிகளில் இழந்தன.

இப்போது ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 2023இல் நடைபெற்றது 116ஆவது ஆட்டம். 1904 முதல் ஆண்டுக்கு ஒன்றாக எண்ணினால் அது 120ஆவதாக இருந்திருக்க வேண்டும். இத்தனை இடர்களுக்கு நடுவிலும் கணக்கில் குறைவது நான்கே. ஆடுகளத்தைச் செப்பனிட்டு, மட்டைகளைத் தேடி, வாழ்கிறோமா சாகிறோமா என்று அறியாத பிள்ளைகளைத் திரட்டி, மறு கல்லூரிக்கு அழைப்பு அனுப்பியவர்கள் யார் யாரோ! அவர்களுடைய விடாமுயற்சியே இந்த எண்ணிக்கை.

ஆண்டுப் போட்டி தானாகவே நிலைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் பசடீனா நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் 'ரோஸ் பவுல்' என்னும் கல்லூரிப் போட்டி உலகப் புகழ் பெற்றது. அது நாம் அறிந்த காற்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அவர்கள் நாட்டு ஆட்டம். 1902ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் நடந்த முதல் ஆட்டத்தில் மிச்சிகன் அணி 49 புள்ளிகள் குவித்தது. ஸ்டான்போர்டு அணி ஒன்றும் எடுக்கவில்லை. நேரம் முடியும் முன்பே ஸ்டான்போர்டு அணியினர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தனர். அடுத்த ஆட்டம் நடைபெற 1916 வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகள் பலவற்றில் அங்கே தேர்ப்பந்தயம் நடந்தது! எதிராளி நிற்க முடியாமல் போனபோது ஆட்டமும் நிற்கவில்லை. பிற்காலத்தில் அதே போட்டி இரண்டாம் உலகப் போரையும் தாண்டியது. 1942இல் பாதுகாப்புக் கருதி நாட்டின் மறுகோடியிலுள்ள டர்ஹாம் நகருக்கு மாற்றினார்களே அன்றி, ஆட்டத்தைக் கைவிடவில்லை.

முதியவரின் ஏக்கத்தை இப்போதுதான் நான் ஓரளவு புரிந்துகொள்கிறேன். போரில் நிற்பவன், எதிரி இனி ஒருநாளும் திரும்பி வரலாகாது என்று விரும்புகிறான். ஆண்டுப் போட்டியில் நிற்பவனோ, தோற்றாலும் வென்றாலும், எதிராளி அடுத்த ஆண்டும் நலமாக வந்து சேர வேண்டும் என்று விரும்பியாக வேண்டும். அவன் வராவிட்டால் நமக்கு ஆட்டமே இல்லை. பெயர் ஒன்றாயிருந்தும் அந்த இரண்டு போர்களுக்கும் உள்ள தொலைவு இதுவே. பரியோவான் கல்லூரியில் பயின்ற அம்முதியவர் மத்திய கல்லூரிப் பிள்ளைகளுக்காகவும் செபமாலை உருட்டியதை நான் கண்டிருக்கிறேன். பகைவரிடம் அன்பு கூருங்கள் என்னும் கட்டளை கேட்பதற்குக் கடினமானது. அதைப் பழகத் தொடங்குவதற்கு ஆடுகளம் எளியதோர் இடமாகலாம்.

விளையாட்டு எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. பெரும்போட்டிகளின் பெயரால் மாணவர் கட்டுப்பாடு மீறுவதும் உண்டு. எங்கள் திடலில் நடந்ததும் அதுதான். ஆனால் சண்டைக்குப் பிறகு ஆடாமல் இருப்பதால் சண்டை முடிவதில்லை. அது உறைந்து, அடுத்த தலைமுறைக்குச் சொத்தாகிறது.

இரு அணித் தலைவர்களையும் ஒன்றாக அமர்த்தி இக்கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை. பின்பு மலை அணித் தலைவன், "நடுவர் மட்டும் வெளியூர்க்காரரா இருக்கணும், சாமி" என்றான். ஊர் அணித் தலைவன் தலையசைத்தான். திருவிழா மறுநாள் ஆட்டம் நடந்தது. ஊர் அணி ஒரு கோலில் வென்றது. மலைப் பிள்ளைகள் ஜீப்பில் ஏறும்போது, அடுத்த ஆண்டு எந்த ஞாயிறு என்று இரு அணியினரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.