குதிரையைத் தேய்த்த கை: தென்னகக் குதிரை வணிகத்தில் எழுதப்படாத ஓர் உழைப்பு

தென்னிந்தியக் குதிரை வணிகத்தின் வரலாற்றைப் பயில்வோர் அனைவரும் ஒரு கேள்வியைக் கடந்தாக வேண்டும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல் வழியாக வாங்கிய நாட்டில் அவை ஏன் நிலைத்துப் பெருகவில்லை? இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் கூறப்படுகின்றன. தட்பவெப்பமும் தீவனமும் ஒவ்வாதவை என்பது ஒன்று. இந்நாட்டாருக்குக் குதிரையைப் பேணத் தெரியாது என்பது மற்றொன்று. இரண்டாம் விடை பாடநூல்களிலும் மேடைகளிலும் எளிதாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதன் சான்றுகளை மீண்டும் படிப்பதே இப்பதிவின் நோக்கம்.

அவ்விடைக்கு மூலமானோர் இருவர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஓர்முசு, கீசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து இங்கே குதிரைகள் வந்ததையும், அவற்றுட் பெரும்பாலானவை விரைவில் மடிந்ததையும் குறிக்கிறார். குதிரை மருத்துவம் அறிந்தோர் இங்கில்லை என்பதோடு, அத்தகையோர் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அடுத்த தலைமுறையில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் தரும் எண்கள் பெரியவை: மாபர், கம்பாயத்து முதலிய துறைகளுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒன்றின் சராசரி விலை 220 தினார்.

வசாஃபின் குறிப்பில் ஒரு செய்தி என் கவனத்தை நிறுத்தியது. வந்திறங்கிய குதிரைகளை 40 நாள் கயிற்றாலும் முளையாலும் கட்டிவைத்து, வறுத்த வாற்கோதுமை, நெய்யில் வெந்த பயறு, காய்ச்சிய பால் எனக் கொழுக்கத் தீனி ஊட்டினர். பின் எவ்விதப் பயிற்சியும் தராமல் வீரர் ஏறிச் செலுத்தினர். வலிய குதிரைகளும் சில நாளில் மந்தமாயின என்கிறார். இதைத் தீவனத்தின் பிழை பற்றிய சான்றாகவே பலரும் எடுத்தாள்வர். ஆனால் அதே குறிப்பு வேறொன்றையும் காட்டுகிறது. அந்த 40 நாளில் குதிரைக்கு உணவு கிடைத்தது, கட்டு கிடைத்தது, ஒரு மனிதக் கையோடு பழக்கம் கிடைத்ததாகக் குறிப்பில்லை. பழகாத விலங்கின் முதுகில் பழகாத மனிதன் ஏறினான்.

இப்பழக்கம் எவ்வாறு உண்டாகிறது? குதிரைகள் தம்முள் நட்புக் கொள்வதைக் கவனித்தோர் அறிவர்: இரண்டு குதிரைகள் எதிரெதிராக நின்று, ஒன்றன் கழுத்தடியை மற்றொன்று பல்லால் மெல்லக் கோதிக்கொள்ளும். கழுத்தும் முதுகும் சேரும் மேட்டுப் பகுதியே அவை பெரிதும் விரும்பும் இடம். பிரான்சின் கமார்க் குதிரைகளைக் கொண்டு கிளோடியா ஃபே, ஜான் து மாசியேர் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர் அவ்விடத்தைக் கோதினாலும் குதிரையின் இதயத்துடிப்புக் குறைகிறது என்று காட்டியது. விருப்பமற்ற வேறோர் இடத்தில் கோதியபோது அவ்விளைவு கிட்டவில்லை. ஆக, குதிரைக்காரன் கையிலுள்ள பற்சீப்பு அழுக்கை மட்டும் நீக்கவில்லை. இன்னொரு குதிரையின் பல் செய்யும் வேலையையும் அது செய்கிறது. கழுத்தைத் தாழ்த்துவதும், கீழுதட்டைத் தளர்த்துவதும், இமையைப் பாதி மூடுவதும் குதிரை தரும் இசைவு. செவியை மடக்கிப் பின்வாங்கினால் கையின் அழுத்தம் மிகுந்தது என்று பொருள். இந்த உரையாடல் நாள்தோறும் நடந்தாலன்றிப் பழக்கம் நிலைப்பதில்லை.

இவ்வறிவு பழமையானது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கிரேக்க எழுத்தாளர் செனபோன் குதிரையேற்றம் பற்றிய தம் நூலில், தலையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கித் துப்புரவு செய்ய வேண்டும் என்கிறார். முதுகெலும்பின் மேல் கருவி படலாகாது, கையால் மட்டும் நீவ வேண்டும் என்கிறார். தலை எலும்பு மிகுந்த பகுதியாதலால் இரும்பும் மரமும் அதற்கு ஆகா, நீரே போதும் என்கிறார். இந்தியாவில் சாலிகோத்திரர், நகுலர் பெயர்களில் வழங்கும் அசுவ நூல்கள் உள்ளன. நகுலரின் அசுவசாத்திரம் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலிருந்து 1952இல் வண்ண ஓவியங்களுடன் அச்சேறியது. தமிழில் குதிரை தேய்ப்பதற்கு வழங்கும் ‘மாலிசு’ என்னும் சொல், தேய்த்தலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து இந்துஸ்தானி வழியே வந்தது. சொல் பிற்காலத்தது என்பதால் செயலும் பிற்காலத்தது என்று கொள்ளலாகாது. சங்கப் பாடல்களில் குதிரைக்கு வரும் ‘கொய்யுளை’, ‘கொய்சுவல்’ என்னும் அடைகள் கத்தரித்துச் சீர்செய்த பிடரிமயிரைச் சுட்டுவன. பிடரிமயிரைக் கொய்ய வேண்டுமாயின் குதிரை அமைதியாக நிற்க வேண்டும். அமைதியாக நிற்கக் கையோடு பழகியிருக்க வேண்டும். குதிரை பேணுவோரைக் குறிக்கும் ‘வாதுவர்’ என்னும் தனிச்சொல்லும் அப்பாடல்களிலேயே உண்டு.

அப்படியாயின் வசாஃபும் போலோவும் பொய்யுரைத்தனரா? அவ்வாறு கூற வேண்டியதில்லை. அவர்களுடைய செய்தி வணிகர் வாயிலாகப் பெற்றது. குதிரை மடிந்தால் அடுத்த கப்பலுக்கு இலாபம் என்ற இடத்திலிருந்து எழுந்தது. பிழை எங்கே நேர்ந்திருக்கலாம் என்பதற்கு மாணிக்கவாசகர் கதை ஒரு குறிப்பைத் தருகிறது. திருவிளையாடற் புராணத்தில், குதிரை வணிகனாக வந்த இறைவன் ‘கயிறு மாறி’க் குதிரைகளை ஒப்படைக்கிறான், கயிறு மாறிய பின் விற்றவனுக்குப் பொறுப்பில்லை. அன்றிரவே பரிகள் நரிகளாகின்றன. புராணத்தின் சமயப் பொருள் தனி. வணிக வரலாற்று மாணவர் அதில் காணத்தக்கது ஒரு நடைமுறையும் ஓர் அச்சமும்: பொருள் கொடுத்து வாங்கிய விலங்கு இலாயத்தில் ஓரிரவு கழிந்ததும் வேறொன்றாகிவிடக்கூடும் என்ற அச்சம். கயிறு மாறும்போது குதிரையை அறிந்த கை விலகி, அறியாத கை வந்து சேர்கிறது. அறிவு கயிற்றோடு மாறுவதில்லை.

இங்கே மலைமண்டலத்தின் இடம் முதன்மையானது. சோழர் காலக் கல்வெட்டுகள் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைக் குறிக்கின்றன. அதாவது, மேற்குக் கடற்கரையில் இறங்கிய குதிரைகள் சேரநாட்டு வணிகர் வழியாகவும் கிழக்கே வந்தன. பொன்முடி நிற்கும் மலைத்தொடரைப் படத்தில் பாருங்கள்: தெற்கே ஆரல்வாய்மொழி, வடக்கே செங்கோட்டைக் கணவாய். மேற்கிலிருந்து வரும் குதிரை இத்தகைய கணவாய் ஒன்றன் வழியாகவே நடந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பொன்முடிச் சரிவின் மழையையும் ஈரத்தையும் அறிந்தோர்க்கு அந்நடையின் பொருள் விளங்கும். நனைந்த தோலைத் துடைத்துத் தேய்த்து உலர்த்தாவிடில் புண்ணும் பூஞ்சையும் பற்றும். நாள்தோறும் தேய்க்கும் கைக்கே முதல் வீக்கமும் முதல் காயமும் தட்டுப்படும். எனவே குதிரைச் செட்டியின் பின்னால் பெயரற்ற சில கைகளாவது நடந்திருக்க வேண்டும்.

அக்கைகளுக்கு எண் கிடைப்பது விசயநகர காலத்தில். 1530களில் எழுதிய போர்த்துகீசியக் குதிரை வணிகர் நூனிசு, மன்னரிடம் குதிரை பேணுவோர் 1,600 பேரும் பயிற்றுநர் 300 பேரும் இருந்ததாகக் கணக்குத் தருகிறார். பயிற்றுபவன் ஒருவனுக்குப் பேணுபவர் ஐவருக்கு மேல். குதிரையைப் பேணத் தெரியாத நாடு என்ற முடிவுக்கு இந்த எண் இடந்தருவதில்லை. பேணுதல் அறிவின்றிப் போனது என்பதைவிட, பேணும் கைகளுக்கு அரசு செலவிட்ட இடத்தில் குதிரை பயன்பட்டது, செலவிடாத இடத்தில் மடிந்தது என்று கேள்வியை மாற்றி அமைப்பதே பொருந்தும்.

எனினும் நம் நினைவுச் சின்னங்கள் ஏறியவனையே போற்றுகின்றன. திருவரங்கத்துச் சேசராயர் மண்டபத்தில் பாயும் பரிமேல் வீரன் இருக்கிறான். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் கட்டிய குதிரமாளிகையின் கூரையடியில் 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு மாலிசு தேவையில்லை. அதே நகரில் கேரளக் காவல்துறையின் குதிரைப் பிரிவில் உயிருள்ள குதிரைகளுக்கோ இன்றும் நாள்தோறும் அது வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்வெட்டிலும் இலாயக் கணக்கிலும் குதிரையின் விலையைத் தேடும்போது, அதற்குக் கொள்ளும் புல்லும் கொடுத்தவன், தேய்த்தவன் ஆகியோர் பெற்ற கூலியையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை குதிரைகள் வந்தன என்ற எண்ணிக்கை நம்மிடம் ஓரளவு உள்ளது. ஒரு குதிரைக்கு எத்தனை கைகள் என்ற கணக்கை ஊர் ஊராக, காலம் காலமாகத் தொகுத்தால்தான் அவை ஏன் மடிந்தன, எங்கே வாழ்ந்தன என்பதைச் சொல்ல இயலும். அத்தகைய குறிப்புகள் உங்கள் களப்பணியில் தட்டுப்பட்டால் பின்னூட்டத்தில் தெரிவியுங்கள், சேர்ந்து தொகுப்போம்.